வென்றவன் பின்னால் போகும் நிழல்

ஆஸ்திரேலியா ஆஷஸ் கிரிக்கெட் கோப்பையை இங்கிலாந்திடமிருந்து திரும்ப வென்ற மறுநாள் காலை, வாரபீ ஊர் கிரிக்கெட் மைதானத்து அத்திமரத்தின் நிழல் மரத்தை விட்டுக் கிளம்பி, கடைத்தெரு வழியாக நடந்து, கிளாரி டூஹிலின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தபால் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாடு நடக்கிற வேகம்தான். வழியில் படுத்திருந்த கசாப்புக்கடை நாயின் மேல் சற்றே தங்கி இளைப்பாறியது. அது நகர்ந்ததும் நாயும் எழுந்து கூடவே போய், கடைசிவரை கசாப்புக்கடைக்குத் திரும்பவில்லை. மரம் இருந்த இடத்தில் இருந்தது, ஒரு இலை குறையவில்லை. ஆனால் அதன் அடியில் போய் நின்றால் மண்டை பிளந்தது. நகரசபையார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இம்மரத்தடியில் தொப்பி அணியவும்’ என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். அதற்குமேல் அவர்கள் என்ன செய்ய முடியும்?

நிழல் ஏன் போயிற்று என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். டெஸ்ட் நடக்கும் நாட்களில் வாரபீக்காரர்கள் அந்த மரத்தடியில் ரேடியோவை வைத்துச் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கம். ஆஷஸ் யார் கையில் இருக்கிறதோ அந்த நாட்டு ரசிகர்களுக்கு நிழல். தோற்ற நாட்டுக்காரர்களுக்கு வெயில். கப்பலேறி வந்து குடியேறிய இங்கிலாந்துக்காரர்கள் ஊரில் பாதிப்பேர் என்பதால் இரண்டு பக்கமும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஆஸ்திரேலியா என்றால் கிளாரி, இங்கிலாந்து என்றால் அடுத்த வீட்டு வில்ஃப் ஆர்மராட், அவ்வளவுதான் கணக்கு. கிளாரி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை. இங்கிலாந்து விக்கெட் ஒன்று விழுந்ததற்கு அவன் போட்ட கூச்சலில் அடுத்த ஸ்டேஷனில் சரக்கு ரயில் கிளம்பிவிட்டது. வில்ஃப் இங்கிலாந்தின் லங்காஷயரில் பாய்லர் செய்யும் பட்டறையில் இரும்பு அடித்தவன்; அவன் பதிலுக்குப் போட்ட கூச்சலில் அது திரும்பி வந்தது. தகுதியான ஆளைத்தான் நிழல் தேர்ந்தெடுத்தது என்று ஊர் ஒப்புக்கொண்டது.

கிளாரி போகும் இடமெல்லாம் நிழலும் போனது. அவன் நுழைந்தால் மதுக்கடையில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. அவன் தோட்டத்துத் தக்காளி பழுக்கவே இல்லை. வெண்ணெய் மேசையில் கல்லாகக் கிடந்தது. ஊரே தார் உருகி நடக்க முடியாமல் தவித்த ஜனவரியில் அவன் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்த வில்ஃபுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“ஏண்டா கைதி, வெயில்லயே பொறந்து வளர்ந்தவனுக்கு நிழல் எதுக்குடா? உங்க பாட்டனை விலங்கு மாட்டிக் கப்பல்ல ஏத்தி விட்டப்பவே ஒரு குடையும் குடுத்து அனுப்பிருக்கணும் நாங்க.”

“இங்கிலாந்துலேர்ந்து வந்த குளிக்காத பாம்மிக்கு இந்த வெயில் நல்லதுப்பா. அழுக்கு தானா காஞ்சு உதிரும்.”

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு இங்கிலாந்து வென்றது. நிழல் பிற்பகலில் எழுந்து, வேலியைத் தாண்டி, வில்ஃபின் வீட்டுக்குப் போனது. அதனடியில் தூங்கிக்கொண்டிருந்த கிளாரியின் கோழி ஒன்றும் தூக்கம் கலையாமலே கூடப் போய்விட்டது. வில்ஃப் அதைத் திருப்பித் தரவில்லை, கிளாரியும் கேட்கவில்லை. கோழி கட்சி மாறியதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நிழலோடு இன்னொரு வழக்கமும் உண்டு, அது நிழலுக்கும் முந்தியது. வென்றவன் தோற்றவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பீற்றிக்கொள்ளலாம். தோற்றவன் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். கோப்பை காலியாகும்வரை வந்தவனை வெளியே போ என்று சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள் என்று தெரியாது, ஆனால் வாரபீயில் சர்ச் சட்டத்தை மீறியவர்கள் உண்டு, இதை மீறியவர் இல்லை. இதை ஒரே ஒருத்தி மட்டும் வளைத்தாள். வில்ஃபின் மனைவி ஹெட்டி, ஒவ்வொரு முறை ஆஸ்திரேலியா வென்றபோதும், அவித்த முட்டையை நிறுத்தி வைக்கிற குட்டிக் கிண்ணத்தில் கிளாரிக்கு டீ ஊற்றினாள்.

“என்னம்மா இது? இதுல ஈ கூடக் குளிக்க முடியாதே!”

“நீ பெருமையடிக்க இதுவே ஜாஸ்தி. குடிச்சிட்டுக் கெளம்பு.”

கூச்சல் வில்ஃபுடையது என்றாலும் மூளை ஹெட்டியுடையது. எந்த ஆட்டத்தில் யார் எப்படி அவுட்டானான், அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. அவள் எண்களைச் சொல்லத் தொடங்கினால் மைதானத்துக் கிளிகள் கத்துவதை நிறுத்திக் கேட்டன. இங்கிலாந்து தோற்ற நாட்களில் அவள் சுட்ட கேக் எழும்பியதே இல்லை.

நிழல் ஆர்மராட் வீட்டில் இருந்த காலத்தில்தான் ஹெட்டிக்கு இதயம் பழுதானது. நாற்பது அடி நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வில்ஃபை வெளியே அழைத்துப் போய், இவள் சூட்டில் இருக்கக் கூடாது, வெயில் காலம் முடியும்வரை குளிர்ச்சியாக வைத்துக்கொண்டால் அதுவரை தாங்குவாள், இல்லையென்றால் ஒரு நல்ல வெயில் நாள் போதும் என்றார். பின்வராந்தாவில் கட்டில் போடப்பட்டது. தான் நகர்ந்தால் நிழலும் நகர்ந்துவிடும் என்று வில்ஃப் வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்தினான். மதுக்கடையில் அவன் நாற்காலியில் தூசி படிந்தது. ரொட்டி, இறைச்சி, மருந்து எல்லாம் கிளாரிதான் வாங்கி வந்தான். வாங்கி வந்து வேலி மேல் வைத்துவிட்டு, “பாம்மிகளுக்குத் தீனி போட்டாச்சு” என்று கத்திவிட்டுப் போவான்.

அந்தக் கோடையில் ஆஷஸ் மறுபடி வந்தது. இங்கிலாந்து அணி கப்பலிறங்கிய அன்றே கிளாரி யோசிக்கத் தொடங்கினான். ஆஸ்திரேலியா வென்றால் நிழல் ஹெட்டியின் கட்டிலை விட்டுத் தன்னிடம் வந்துவிடும். வந்தால் தானே அதை அழைத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காரலாமே என்று நினைத்தான். ஹெட்டி அதை அவன் முகத்தில் படித்துவிட்டாள்.

“இங்க பாரு கிளாரி. ஜெயிச்சிட்டு, பாவம் பார்த்து அந்த நிழலை இழுத்துக்கிட்டு என் வாசல் ஏறினேன்னு வெச்சுக்கோ, கதவைச் சாத்திருவேன். ஜெயிச்சு வாங்கின நிழல்ல படுப்பேன். பிச்சையா வர்ற நிழல்ல படுக்க மாட்டேன்.”

“யாரு பாவம் பார்க்கப் போறா? உன்னையா?”

“சத்தியம் பண்ணு.”

பண்ணினான். அன்று முதல் கிளாரி டூஹில், வாழ்நாளில் முதல்தடவையாக, ஆஸ்திரேலியா தோற்க வேண்டும் என்று விரும்பினான். கோழிக்கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு “இங்கிலாந்து வாழ்க” என்று மெதுவாகச் சொல்லிப் பழகினான். கோழிகள் அந்த மாதம் முழுக்க முட்டையிடவில்லை. ஆஸ்திரேலிய பந்து வீச்சாளர்கள் ஓடிவரும்போது ரேடியோ முன்னால் உட்கார்ந்து, கால் தடுக்கி விழட்டும் என்று வேண்டினான். பிறகு வெட்கம் தாங்காமல் குளியலறையில் போய் முகம் கழுவினான். அவர்கள் தடுக்கி விழவில்லை. அபாரமாக வீசினார்கள்.

கடைசி டெஸ்டின் கடைசி நாள் வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. மாலைவரை இங்கிலாந்து தாக்குப்பிடித்தால் ஆட்டம் டிரா, ஆஷஸும் நிழலும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். பத்து விக்கெட்டும் விழுந்தால் எல்லாம் போச்சு. வெளியே அன்று காகங்கள் வாயைப் பிளந்தபடி தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்தன. மூன்றாம் தெருவில் வெயிலில் வைத்த இரும்புச் சட்டியில் ஒருவர் ஆட்டுக்கறியே வறுத்துவிட்டார். பின்வராந்தாவில் மட்டும் இதமாக இருந்தது. ஹெட்டி தலையணையில் சாய்ந்திருந்தாள், ஒரு பக்கம் வில்ஃப், மறுபக்கம் கிளாரி, நடுவில் ரேடியோ. ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசி ஆள், மட்டையைப் பிடிக்கவே தெரியாதவன், பிற்பகல் முழுக்கக் கதவுபோல நின்றான். கிளாரி அந்த முகம் தெரியாத இங்கிலாந்துக்காரனைத் தன் தம்பியை நேசிப்பதுபோல நேசித்தான். நில்லுடா ராசா, நில்லு, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று வாய்க்குள் சொன்னான். கடிகாரத்தில் இன்னும் ஒரு ஓவருக்கு நேரமிருந்தபோது பந்து மட்டையின் ஓரத்தைத் தொட்டது, ஒருவன் பிடித்தான், ரேடியோவில் கூட்டம் அலறியது.

நிழல் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்தது. வெயில் ஹெட்டியின் பாதத்தில் விழுந்தது, பிறகு முழங்காலில். கிளாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது அவனிடம் நிற்கவில்லை; தோற்றவன் வீட்டில் தங்கிப் பழக்கமில்லாததால் வேலியை நோக்கி, அவன் வீட்டை நோக்கி நகர்ந்தது. வில்ஃப் எழுந்து தன் உடம்பால் வெயிலை மறைத்து நின்றான். பாய்லர்க்காரனின் அகலமான உடம்புதான், இருந்தாலும் ஒரு மனுஷன் எவ்வளவு மறைக்க முடியும்?

“ஏன் சும்மா உக்காந்திருக்கே?” என்றாள் ஹெட்டி. மூச்சு இரைத்தது. “ஜெயிச்சுட்டியேப்பா. கத்து. கத்திட்டு, அதோட பின்னாடி வீட்டுக்குப் போ. சத்தியம் பண்ணிருக்கே.”

கிளாரி எழுந்தான். தொப்பியை எடுத்தான். இரண்டு படி இறங்கினான். நிழல் பாதி வேலியைத் தாண்டிவிட்டிருந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்து, உரத்த குரலில், கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: “என் டீ எங்கே?”

வில்ஃப் விழித்தான்.

“ஜெயிச்சவன் நான். இது உங்க வீடு. நான் உக்காந்து பீத்திக்கணும். பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல, இது என் உரிமை. டீ எங்கேய்யா?”

வேலி மேல் நிழல் நின்றது.

ஹெட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் இடுப்புவரை ஏறியிருந்தது. சமையலறைக்கு ஓடிய வில்ஃப் பழக்க தோஷத்தில் முட்டைக் கிண்ணத்தை எடுக்கும் ஓசை கேட்டது. அவள் தலையைத் திருப்பாமல் குரல் கொடுத்தாள்.

“அது வேணாம் வில்ஃப். மேல் தட்டுல ரோஜாப்பூ போட்டது இருக்கு பாரு, எங்கம்மாவோட பெரிய கோப்பை. அதுல ஊத்து. விளிம்பு வரைக்கும்.”

கிளாரி மறுபடி உட்கார்ந்தான். நிழல் திரும்பி வந்து, நாயைப்போல ஒருமுறை வட்டமடித்து, கட்டிலின் மேல் படுத்தது.

அந்தக் கோடை முழுக்க அவன் அந்த டீயைக் குடிக்கவில்லை. ராத்திரியும் அங்கேயே நாற்காலியில் தூங்கினான். டீ ஆறவும் இல்லை. வாரக்கணக்கில் ஆவி பறந்தபடி மடியில் இருந்தது, அதில் ஆச்சரியப்பட அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. ஏனென்றால் அவன் பீற்றிக்கொண்டே இருந்தான். அந்தத் தொடரை முதல் பந்திலிருந்து சொல்லி முடித்தான், போன தொடரைச் சொன்னான், தான் பிறப்பதற்கு முந்திய வெற்றிகளைச் சொன்னான், கையிருப்பு தீர்ந்தபோது ஆஸ்திரேலியா தோற்ற ஆட்டங்களையும் வென்றதாகச் சொன்னான். ஹெட்டி கண்ணை மூடியபடியே திருத்தினாள்: “பொய்யி. அன்னிக்கு மழை, ஆட்டமே நடக்கல.” அவள் தூங்கும்போது குரலைத் தாழ்த்தினான், ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்தினால் வழக்கம் முறிந்துவிடும். சில நாள் அவள் கேட்பாள், “இன்னும் ஆறலியாப்பா கைதி?” “வாய் வெக்க முடியல, அவ்வளவு சூடு” என்பான் அவன்.

வெயில் அவளைத் தொடவில்லை. கோடை முடிந்து, தெற்கிலிருந்து முதல் குளிர்காற்று வந்து, ஏப்ரலில் மழை தகரக்கூரையில் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தன் ஊர் மழைச் சத்தம்போலவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஹெட்டி போய்ச் சேர்ந்தாள். அவளைக் கொண்டுபோன பிறகு கிளாரி அந்த டீயைக் குடித்தான். நாக்கு சுட்டது. கோப்பையைக் கழுவி மேல் தட்டில் வைத்துவிட்டு, நிழலைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனான்.

அடுத்த தொடரில் இங்கிலாந்து வென்றது. வில்ஃப் முறைப்படி முற்றத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தான். நிழல் வேலியைத் தாண்டியது, வில்ஃபை ஏறிட்டும் பார்க்காமல் வாசல் வழியாக வெளியேறியது, தபால் ஆபீஸையும் சர்ச் வாசலையும் கடந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஹெட்டியின் மேல் படுத்துக்கொண்டது. “சரிதான்” என்றான் வில்ஃப். “கத்தினது மட்டும்தானே நான்.” அந்தக் கோடையில் வாரபீயில் பச்சைப் புல் இருந்தது அங்கே மட்டும்தான். நகரசபையார் அதை மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆஷஸ் பலமுறை கை மாறியிருக்கிறது. இங்கிலாந்து வென்றால் நிழல் தானாக ஹெட்டியிடம் போகும், கிழவர்கள் இருவரும் அதன் ஓரத்தில் உட்கார இடம் கேட்டுக்கொள்வார்கள். ஆஸ்திரேலியா வென்றால் கிளாரி அதை அழைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியோடு, வெயில் ஏறும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து அவளிடம் பீற்றிக்கொள்வான். தோற்றவன் என்ற முறையில் வில்ஃப் பிளாஸ்கோடு வந்து டீ ஊற்றுவான். ரோஜாப்பூ போட்ட கோப்பையில்தான், விளிம்பு வரைக்கும்.