முள்ளு அறுபதுலதான் நின்னுச்சு

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். இத எங்க வூட்டுக்காரர் வெங்கட்டுகிட்ட சொல்லிட்டுத்தான் தாலி கட்டிக்கிட்டேன். ஆனா ஸ்டீரிங்கப் புடிச்சுட்டா நான் வேற மாதேஸ்வரி. விடிகாலை அஞ்சு மணிக்கு தொரப்பள்ளியில நாலு பொண்ணுங்கள என் கார்ல ஏத்திக்கிட்டு, சூளகிரி பக்கம் இருக்கற கம்பெனிக்குப் போவேன். பைபாஸ் முழுக்கப் பனி இறங்கியிருக்கும். முன்னால போற லாரியோட செவப்பு லைட்டு மட்டும் தண்ணியில மிதக்கற மாதிரி தெரியும். வண்டி போவுதா, இல்ல நாம சும்மா நிக்க ரோடுதான் போவுதான்னு புரியாது. மீட்டர் முள்ளு மட்டும் அறுபதுல அசையாம இருக்கும். என் பக்கத்து சீட்டுல உக்கார்ற காவேரி, கதவச் சாத்தினதும் தூங்கிடும். பின்னால மூணு பேரும் அப்படித்தான். அந்த நேரம் எனக்கு அவ்வளவு புடிக்கும்.

கம்பெனிக்கு ஓடற வண்டி எதுவும் அறுபதத் தாண்டக் கூடாது. வண்டிக்கு வண்டி ஒரு கருப்புப் பொட்டி வச்சிருக்காங்க. சேட்டிலைட்டப் பாத்து அதுவே வேகத்த அளந்து வாராவாரம் ஆபீசுக்குச் சொல்லிடும். மூணு தடவ தாண்டினா வண்டி வெளிய. நாலு வருஷமா என் பேர்ல ஒரு புகார் கிடையாது.

போன ஆயுத பூஜைக்கு வெங்கட் எனக்குத் தெரியாம ஒரு வேல பண்ணுனாரு. எங்க ஊருக்குப் போற அஞ்செட்டி ரோட்டுல என் வண்டியோட வயிறு தட்டுதுன்னு நான் எப்பவும் பொலம்புவேன். மனுஷன் அத மனசுல வச்சுக்கிட்டு, பதினாலு இஞ்ச் சக்கரத்தக் கழட்டிட்டு பதினஞ்சு இஞ்ச் சக்கரமும் பெரிய டயரும் மாட்டி, சந்தனம் குங்குமம் வச்சு வாசல்ல நிறுத்திட்டாரு. வண்டி நிமிந்து நின்னுச்சு. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையப் பாத்தப்பகூட நான் அவ்வளவு சிரிக்கல.

அடுத்த வாரமே பொட்டியில இருந்து முதல் புகார். அறுபத்துநாலாம். அதுக்கடுத்த வாரம் ரெண்டாவது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முள்ளு அறுபதுல நிக்கறத என் ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கிட்டுத்தான ஓட்டறேன்! வெங்கட்டே, "பனியில தெரியாம கொஞ்சம் அழுத்திடறயோ என்னவோ"ன்னு இழுத்தாரு. அன்னைக்கு ராத்திரி அவருக்கு வெறும் ரசந்தான்.

மூணாவது வாரம், சனிக்கிழமை. வண்டிகளப் பாத்துக்கற ராஜேஷ்குமார் சார் என்னக் கூப்புட்டாரு. நல்ல மனுஷன். பாதி கன்னடம், பாதி தமிழ் பேசுவாரு. பேப்பர முன்னால வச்சுட்டு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல.

"மூணாவதும் வந்துருச்சு மாதேஸ்வரி. நான் என்னம்மா பண்ணட்டும்?"

"சார், உங்க பொட்டி பொய் சொல்லுது."

"பொட்டிக்கு உம்மேல என்னம்மா கோவம்?"

சுத்தி நின்ன டிரைவருங்க சிரிச்சுட்டானுங்க. அந்தச் சிரிப்புதான் என்ன அப்படிச் செய்ய வச்சுது. விறுவிறுன்னு பார்க்கிங் ஓரத்துல இருக்கற முனீஸ்வரன் கல்லுகிட்டப் போனேன். ஒரு கட்டி கற்பூரத்த ஏத்தி, "நான் ஒரு நாளும் அறுபதத் தாண்டல"ன்னு சொல்லி, எரியற கற்பூரத்த உள்ளங்கையால அடிச்சு அணைச்சேன். எங்க பக்கம் அதுக்கு மேல சத்தியம் கிடையாது. பொய்யா அணைச்சா குடும்பம் வெளங்காதும்பாங்க. ராஜேஷ்குமார் சார் முகமே மாறிப்போச்சு. மூணாவது புகாரக் கிழிச்சுப் போட்டாரு. "பொட்டிய மாத்தச் சொல்றேன், நீ போம்மா"ன்னாரு. தலைய நிமித்திக்கிட்டு நடந்து வந்தேன். கை எரிஞ்சுது, மனசு குளுகுளுன்னு இருந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. சாமிக்குப் பொங்க வைக்கலாம்னு எங்க ஊரு நாட்றாம்பாளையத்துக்கு வெங்கட்ட உக்கார வச்சுக்கிட்டு கெளம்பினேன். டயர் மாத்தின பிறகு அன்னைக்குத்தான் முதல்தடவ போறேன். அஞ்செட்டி தாண்டினதும் காட்டுக்குள்ள மேகம் இறங்கி ரோட்டுல படுத்திருந்துச்சு. வளைவுக்கு வளைவு மரமெல்லாம் ஈரமா எட்டிப் பாத்துட்டு மறைஞ்சுது. கனவுக்குள்ள ஓட்டற மாதிரி இருந்துச்சு. ஊருக்குள்ள வந்து நிறுத்தி மீட்டரப் பாத்தா, அறுபத்தொரு கிலோமீட்டர். எப்பவும் அறுபத்தஞ்சு காட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கல.

"யோவ், எங்க ஊரு நாலு கிலோமீட்டர் கிட்ட வந்துருச்சுய்யா! சத்தியம் பண்ணுனதுக்கு சாமி குடுத்தது!"

வெங்கட் சோம்பல் முறிச்சுக்கிட்டே சிரிச்சாரு. "சாமியும் இல்ல பூதமும் இல்ல. பெரிய டயரு ஒரு சுத்துக்கு அதிக தூரம் போவும். மீட்டருக்கு டயர் மாத்தினது தெரியுமா? அது பழைய சக்கரம்னு நெனச்சுக்கிட்டு சுத்துக் கணக்கத்தான் சொல்லும்."

நான் சாவியக்கூட எடுக்கல.

"அப்ப வேகம்?"

அவரு சிரிப்பு நின்னுபோச்சு. அந்த மனுஷனும் அதுவரைக்கும் அத யோசிக்கல.

பொங்க வைக்கல. அப்படியே வண்டியத் திருப்பினேன். பைபாஸ் ஏறி, கிலோமீட்டர் கல்லு கல்லாப் பாத்தோம். முள்ள அறுபதுலயே வச்சேன். அறுபதுல போனா ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சரியா ஒரு நிமிஷம் ஆவணும். வெங்கட் செல்போன்ல எண்ணுனாரு. அம்பத்தாறு செகண்டு. ஒரு வேள கல்லத் தப்பா நட்டிருப்பாங்கன்னு பத்து கல்லு பாத்தோம். ஒம்பது நிமிஷம் இருபத்திரண்டு செகண்டு. பொட்டி சொன்ன அறுபத்துநாலேதான்.

"டயர் மாட்டினது நான். பாவம் என்னுது. நான் போய் கற்பூரம் அணைக்கறேன்"ன்னாரு.

"போதும்! நம்ம வூட்டுல ஒருத்தர் கை வெந்தது போதும்"னு கத்தினேன். கத்திட்டு, அவரு தோள்ல சாஞ்சு அழுதேன். ஆசையா செஞ்ச மனுஷன எதச் சொல்லித் திட்டறது?

திங்கக்கிழமை காலையில பொண்ணுங்கள இறக்கிவிட்டுட்டு நேரா ராஜேஷ்குமார் சார்கிட்டப் போனேன். டிரைவருங்க எல்லாரும் இருந்தாங்க. அவங்க முன்னாலதான் சத்தியம் பண்ணுனேன், அவங்க முன்னாலயே சொல்லணும். சொன்னேன். டயர், மீட்டர், கல்லு, எல்லாத்தையும்.

சார் என்னத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு. "ஹோகலி பிடம்மா, போகட்டும் விடு. தெரியாமத்தான நடந்துச்சு? பழைய சக்கரத்த மாட்டிட்டு வா. கிழிச்சது கிழிச்சதாவே இருக்கட்டும்."

"சார், நீங்க பேப்பரப் பாத்து கிழிக்கல. என் கையப் பாத்துக் கிழிச்சீங்க."

"நாலு கிலோமீட்டர்தானம்மா..."

"ஜாண் என்ன, முழம் என்ன சார். மூணு தடவ தாண்டினா வெளியன்னா வெளியதான். எழுதுங்க."

கிழிச்ச புகார மறுபடி எழுத ஒரு புதுப் பேப்பர எடுத்தாரு. அப்புறம் எழுதினாரு. அன்னைக்கு சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் பொண்ணுங்கள இன்னொரு டிரைவர் மாதவன் வண்டியில அனுப்பறதா முடிவாச்சு. நான் பொட்டியக் கழட்டிக் குடுத்துட்டு, அந்தப் பொண்ணுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு சாயங்காலம் கம்பெனி வாசல்ல நின்னேன்.

நாலு பேரும் வந்தாங்க. மாதவன் வண்டி அவங்களுக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு. நான் கை கூப்புனேன். "மூணு வாரமா உங்கள அறுபத்துநாலுல கூட்டிட்டுப் போயிருக்கேன் சாமி. பனியில. எனக்கே தெரியாம. நீங்க தூங்கிட்டு வந்தீங்க. என்ன மன்னிச்சுடுங்க."

காவேரி என் காரோட முன் கதவத் தொறந்து, எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காந்துக்கிச்சு. பின்னாலயே மத்த மூணும் ஏறுச்சுங்க.

"ஏய், எனக்கு வேல போயிருச்சு கண்ணுங்களா. அந்த வண்டியில போங்க."

"தெரியும்க்கா. எடுங்க வண்டிய"ன்னுச்சு காவேரி.

முள்ள அம்பத்தாறுல வச்சேன். அதுதான் நெசமான அறுபது. பைபாஸ்ல வெயில் சாஞ்சு, ரோடு மஞ்சளா மினுங்குச்சு. லாரிங்க எல்லாம் என்னத் தாண்டித் தாண்டிப் போச்சு. கோனேரிப்பள்ளி வர்றதுக்குள்ள காவேரி தல சாஞ்சுருச்சு. கண்ணாடியில பாத்தா பின்னால மூணும் ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு, வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குதுங்க.