ரோசேர் கெனெல் காட்டிய இடங்கள்

1989ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆறு கண்ணுக்கே தெரியாத தூரத்தில், பாப்பினோ அவென்யூவில், ஒரு சலவைக் கடைக்கும் பல் மருத்துவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கலங்கரை விளக்கம் வந்து நின்றது. முந்தின நாள் மாலைவரை அங்கே இரண்டு கார் நிறுத்துகிற அளவுக்குக் காலி மனைதான் இருந்தது. அது வெள்ளையடித்து, உச்சியில் சிவப்புத் தொப்பியோடு, நல்ல நிலையில் இருந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து அளந்து பார்த்து அஸ்திவாரம் உறுதிதான் என்றார்கள். சொத்து வரியை யாருக்கு அனுப்புவது என்பதில் மட்டும் கொஞ்ச நாள் தகராறு நடந்தது. படுக்கையறையில் வெளிச்சம் அடிக்கிறது என்று பல் மருத்துவர் தடித்த திரைச்சீலை வாங்கினார். சாலையில் ஒரு குழி விழுந்தால் அதைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துவிட்டு மூன்று கோடைக்காலம் யோசிக்கிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட மாண்ட்ரியலில் ஒரே ராத்திரியில் ஒரு கட்டடம் எழும்பியதுதான் எங்களுக்கு ஆச்சரியம். எதற்காக எழும்பியது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரோசேர் கெனெலின் மகளுக்காகத்தான்.

ரோசேர் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி. 1967இல் உலகக் கண்காட்சி நடந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். எதையும் முதலில் பிரெஞ்சில் சொல்வார், பிறகு ஆங்கிலத்தில் சொல்வார். மலைமேல் நிற்கும் சிலுவை எவ்வளவு உயரம், பெரிய தேவாலயத்தின் நீலக் கூரையில் எத்தனை நட்சத்திரம், யோசேப்பு ஆலயத்தின் படிகளில் முழங்காலால் ஏறுகிறவர்கள் ஏன் ஏறுகிறார்கள், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதே திருப்பத்தில் அதே வேடிக்கையைச் சொல்வார். பேருந்தில் பாதிப் பேர் முதலில் சிரிப்பார்கள், மீதிப் பேர் கொஞ்சம் கழித்துச் சிரிப்பார்கள். ஒன்டாரியோவின் பீட்டர்பரோவிலிருந்து கண்காட்சி பார்க்க வந்த பெவர்லி என்ற பெண், மூன்று நாள் தொடர்ந்து அதே பேருந்தில் ஏறி, அதே இடத்தில் சிரித்தாள். இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, ரோசேரிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான் என்று. நிறுவனம் மனப்பாடம் செய்ய வைத்த வாக்கியங்களுக்கு அப்பால் அவருக்கு உப்பு கேட்கக்கூடத் தெரியாது. பெவர்லிக்குப் பிரெஞ்சு ஏறவே இல்லை.

அடுத்த வருடம் பிறந்த மகள் மனோன் நடக்கப் பழகியதும் வேலைக்குப் போய்விட்டாள் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். அப்பா சொன்னதை அம்மாவிடமும் அம்மா சொன்னதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த வேலை. ஃபாப்ர் தெரு வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே அந்தக் குழந்தை ஓடிய ஓட்டத்தில் தரைப்பலகை தேய்ந்திருந்தது. கோபமான சொற்களையும் அதுதான் சுமந்தது, மழலையில். 1974 மார்ச்சில் ஒரு காலை, பெவர்லி பெட்டியோடு வெளிப்படிக்கட்டில் இறங்கி டாக்சியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி குழந்தையை மேலே அனுப்பினாள். குழந்தை சமையலறைக்குள் போனது, திரும்பி வந்தது, ஏதோ சொன்னது. டாக்சி கிளம்பியது. பீட்டர்பரோவில் இரண்டு வருடத்துக்குள் மனோனுக்குப் பிரெஞ்சு மொத்தமும் மறந்துபோயிற்று. அதோடு சேர்ந்து, அன்றைக்கு அப்பா தன்னிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்பதும் போயிற்று. ஏதோ சொன்னார் என்பது மட்டும் நினைவிருந்தது. வயது ஏற ஏற அவளுக்கு அது உறுதியாகிவிட்டது: அப்பா ‘போகாதே’ என்றுதான் சொல்லியிருப்பார், படியில் இறங்கும்போது தான்தான் அதை மாற்றிச் சொல்லிவிட்டோம். அம்மாவிடம் கேட்டால் அம்மா பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

மனோன் பெரியவளானதும் ஓட்ஸ் ஆலையில் எடை பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். யாரும் யாருக்கும் எதையும் சொல்லி அனுப்பாத வேலை அது. ‘அவங்கள விசாரிச்சதா சொல்லு’ என்று எவராவது சாதாரணமாகச் சொன்னால்கூட, ‘நீங்களே சொல்லிடுங்க’ என்பாள். அவள் முகம் அப்போது வெளுத்துவிடும்.

1987 கோடையில், பத்தொன்பது வயதில், அவள் முதல்முறையாக அப்பாவைப் பார்க்க வந்தாள். வருவதற்கு முன் ஒலிநாடாக்கள் வாங்கிப் பிரெஞ்சு கற்றிருந்தாள். அவை சுற்றுலாப் பயணிகளுக்கான நாடாக்கள். அறை வாடகை எவ்வளவு, ரயில் நிலையம் எந்தப் பக்கம், பில் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. அவருக்கோ வழிகாட்டியின் ஆங்கிலம். பேருந்து நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு, அவள் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டாள், அவர் சிலுவையின் உயரத்தைச் சொன்னார். வேறு வழியில்லாமல் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். அன்று முழுவதும் மலையும் துறைமுகமும் சந்தையும் பார்த்துவிட்டு, ரஷேல் தெருவில் ஜிசேலின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார்கள். ஜிசேலுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. இரண்டிலும் வாய் கொஞ்சம் நீளம்.

பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரத்தை வைத்துவிட்டு நகரப் போன ஜிசேலின் கையைப் பிடித்து மனோன் ஆங்கிலத்தில் கேட்டாள், “அன்னிக்கு அம்மாகிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு அப்பாவைக் கேளுங்களேன். நான் அதைச் சரியா சொன்னேனான்னு தெரியணும். வேற எதுவும் வேணாம் எனக்கு.”

ஜிசேல் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ரோசேர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு வலது கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். தூரத்தில் ஒலிம்பிக் அரங்கத்தின் கோபுரம் சாய்ந்து நின்றது. அதைப் பற்றி முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொல்லி முடித்தார்.

அடுத்த கோடையிலும் அப்படியே நடந்தது. அவள் வாயைத் திறப்பாள், அவர் கையை நீட்டுவார். ஆனால் ஊரில் எத்தனைதான் பார்க்க இருக்கும்? இரண்டாவது கோடை முடிவதற்குள் தேவாலயம், தீவு, கண்காட்சிக் கோளம், அருங்காட்சியகம் எல்லாம் தீர்ந்துவிட்டன. மூன்றாவது கோடையில் பாப்பினோவில் நடந்துகொண்டிருந்தபோது அவள் நின்றாள், அவர் கண்ணைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். ரோசேர் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். அங்கே கலங்கரை விளக்கம் இருந்தது.

அதன்பிறகு வருடத்துக்கு ஒன்று. செயின்ட்-ஹூபெர் தெருவில் தையல் கடைக்குப் பின்னால் ஒரு அருவி விழுந்தது. அதில் நனைந்தவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கவில்லை. ஒரு சந்துக்குக் குறுக்கே, அடியில் ஆறு இல்லாமல், கூரை வைத்த மரப்பாலம் வந்தது. யாருக்கும் பெயர் தெரியாத ஒரு தளபதி குதிரையோடு பூங்காவில் சிலையாக நின்றார், குதிரைக்கு மட்டும் பெயர்ப்பலகை இருந்தது. பலகையில் சட்டப்படி பிரெஞ்சு எழுத்து ஆங்கில எழுத்தைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று ஓர் அதிகாரி அளவுகோலோடு வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். பனிக்காலத்தில் பனி அள்ளும் வண்டிகள் அவற்றைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன. வெளியூர்க்காரர்கள் அதிகம் வந்தார்கள், ஜிசேல் இன்னும் ஆறு மேசை போட்டாள், தபால் அட்டைகள் அச்சாயின. அந்த அப்பாவும் மகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

ஜிசேல் ஒருத்திக்குத்தான் அது உறுத்தியது. ஒரு வருடம் மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த ரோசேரை அவள் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்யா, இந்த வருஷம் என்ன முளைக்க வச்ச? அரைக் கோட்டையா? மீதி அரை எங்க, சம்பளம் பத்தலையா?”

“நானா வைக்கிறேன்? அதுவா வருது.”

“வரும், வரும். அந்தப் பொண்ணு கேக்குற ஒத்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கிறதுக்கு ஊரையே கட்டுறியே. நான் வேணா சொல்லட்டுமா? நீ என்கிட்ட சொல்லு, நான் அவ பாஷையில சொல்றேன்.”

“ஏற்கெனவே ஒருத்தி எனக்காகப் பேச்சை எடுத்துட்டுப் போயிப் போயிதான் இப்படி ஆச்சு, ஜிசேல். இன்னொருத்தர் வேணாம்.”

“அப்ப நீயே சொல்லித் தொலை.”

“சொன்னா அவ அப்புறம் வர மாட்டா.”

ஜிசேல் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “சொல்லலன்னா வருவா. வந்து, பாரத்தைத் தூக்கிட்டு வந்த மாதிரியே தூக்கிட்டுத் திரும்பிப் போவா. வருஷா வருஷம் பஸ்ல ஏத்தி விடுறியே, அவ முகத்தை ஒரு நாளாவது பாத்தியா?”

பார்த்திருந்தார். அதுதான் கொடுமை. தன்னுடைய சுமையை மகள் சுமக்கிறாள் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு வருடமும் கையசைத்து அனுப்பினார். அந்த மார்ச் காலையை நினைத்து அவர் தூங்காமல் கிடந்த ராத்திரிகளில் இன்னொன்றும் அவரை வாட்டியது. ‘தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள், உங்கள் இடத்திலேயே இருங்கள்’ என்று தினமும் நூறு பேரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறவர் அவர். படியிறங்கிப் போய் டாக்சிக் கண்ணாடியைத் தட்டி அதை ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். அது அவருக்குத் தோன்றியபோது பெவர்லிக்குப் பீட்டர்பரோவில் வேறு கல்யாணம் ஆகியிருந்தது.

2003 ஜூலையில் லா ஃபோன்தேன் பூங்காவின் குளத்தங்கரையில் ஒரு சமையலறை வந்தது. வீடு இல்லை, சமையலறை மட்டும்: மூன்று சுவர், ஓர் அடுப்பு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அடுப்பில் பட்டாணி சூப் சூடாக இருந்தது. தூரத்திலேயே அது எது என்று ரோசேருக்குத் தெரிந்துவிட்டது. மகளை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். ஆனால் மனோன் அன்று களைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதில் அவளுக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. அவள் நின்றாள், வழக்கம்போல் வாயைத் திறந்தாள், பிறகு கேட்கவேண்டாம் என்று மூடிக்கொண்டாள். அத்தனை வருடங்களில் அவள் கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. ரோசேரின் கை தானாக எழுந்தது.

முதலில் பிரெஞ்சில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். இதற்கு யாரும் அவருக்கு வாக்கியங்கள் எழுதித் தரவில்லை, ஆனாலும் வந்தன, பேருந்தில் பேசும் அதே குரலில்.

“உங்க வலது பக்கம் பாருங்க. ஃபாப்ர் தெரு சமையலறை. 1974 மார்ச். இங்க ஒருத்தன் உக்காந்து சூப் குடிச்சிட்டிருந்தான். கீழ வண்டியில அவன் பொண்டாட்டி அஞ்சு நிமிஷம் காத்திருக்கிறதா சொல்லி அனுப்பினா. கொழந்த வந்து அதைச் சரியா சொல்லிச்சு. அவன் திரும்பச் சொல்லி அனுப்ப எதுவும் சொல்லல. வெளிய குளிருது, கையுறை போட்டுக்கோன்னு கொழந்தகிட்ட சொன்னான். அவ்வளவுதான். ரெண்டு நாள்ல அவளே வந்துடுவான்னு நெனச்சான். ஜன்னலுக்குக்கூடப் போகல. கொழந்த எதையும் தப்பா சொல்லல. கொண்டுபோக அதுகிட்ட ஒண்ணுமே குடுக்கல.”

குளத்தில் வாத்துகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மனோன் சமையலறையின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“அப்ப நான் தப்பா சொல்லல.”

“இல்ல.” அந்தச் சொல் அவருக்கு ஆங்கிலத்தில் தெரியும்.

“கலங்கரை விளக்கம் காட்டினீங்க. அருவி காட்டினீங்க. குதிரை காட்டினீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “இதை மொதல்லயே காட்டியிருக்கலாமேப்பா. எனக்குப் பத்தொம்பது வயசுதானே அப்ப.”

வாக்கியம் புரிந்ததோ இல்லையோ, ரோசேருக்குப் புரிய வேண்டியது புரிந்தது. அன்று அவர்கள் ஜிசேலின் கடைக்கு வரவில்லை. அவள் மேசையில் தட்டு வைத்துக் காத்திருந்துவிட்டு எடுத்துவிட்டாள்.

அடுத்த கோடையில் மனோன் வரவில்லை. அதற்கடுத்த கோடையிலும் வரவில்லை. ஊரில் புதிதாக ஒன்றும் முளைக்கவும் இல்லை. கடைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு, இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள். பூங்காத் தோட்டக்காரர்கள் சமையலறையைச் சுற்றி இலை கூட்டினார்கள். பனிக்காலத்தில் குளம் உறைந்து பிள்ளைகள் சறுக்கினபோதும் சூப் ஆறவில்லை. பேருந்து நிறுவனம் அதை வழித்தடத்தில் சேர்த்தது. ரோசேர் அந்த நிறுத்தத்தில் மட்டும் ஒலிபெருக்கியைப் பக்கத்திலிருந்த இளைய வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கீழே குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவார். பிறகு ஓய்வு பெற்றார். மகள் இப்போது யாராவது விசாரித்ததாகச் சொல்லச் சொன்னால் போய்ச் சொல்கிறாளாம், ஆலையிலிருந்து வேறு வேலைக்கும் மாறிவிட்டாளாம் என்று ஜிசேல் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நல்லது, என்றார் ரோசேர்.

2006 ஆகஸ்டில் மனோன் வந்தாள். வழக்கமாகக் கொண்டுவரும் ஊர் வரைபடத்தை எடுத்து வரவில்லை. ரோசேர் எந்தப் பக்கமும் கையைக் காட்டவில்லை. நேராகப் பூங்காவுக்குப் போய், இரண்டு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கிண்ணம் சூப் ஊற்றிக்கொண்டார்கள். பேசித் தீர்க்க வேண்டியது மலையளவு இருந்தது, அதற்குரிய சொற்களோ இருவரிடமும் இல்லை, கற்றுக்கொள்ளும் வயதை அவர் தாண்டியிருந்தார். அவள் ரொட்டியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுத்துக்கொண்டார். அப்போதிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு வாரம் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்து குளத்தங்கரையில் வேகத்தைக் குறைக்கிறது. உங்கள் வலது பக்கம் ஒரு தகப்பனும் மகளும், என்று இளைய வழிகாட்டி முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொல்கிறார். பயணிகள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். உள்ளே போகலாமா என்று யாராவது கேட்பதுண்டு. அனுமதி இல்லை என்கிறார். பேருந்து ஷெர்புரூக் தெருப் பக்கம் திரும்புகிறது.