பாஸ்கலின் காரை நாலு விரற்கடை இறக்குவது எப்படி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலம் ஒரு துருப்பிடித்த இரும்புப் பட்டை. தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டோர டீக்கடை ஒன்றில், கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை அண்டக்கொடுத்திருந்தார்கள். வண்டிகளுக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை.

"லாரிப் பட்டைதானே?" என்று கேட்டேன்.

"லாரிப் பட்டதான். ஆனா கார்லருந்து கழட்டுனது," என்றார் கடைக்காரர்.

"காருக்குள் லாரிப் பட்டை எப்படி வந்தது?"

"அது பெரிய கத," என்று சொல்லிவிட்டு வடைச்சட்டியிடம் திரும்பிவிட்டார். அவர் சொல்லாத அந்தப் பெரிய கதையைத்தான் எழுதப்போகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கடல் அன்று வழக்கத்தைவிட அமைதியாக, எதையோ மறைப்பதுபோல'

(வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் இன்னும் வேலை வரவில்லை.)

பிறகு இப்படி:

'1974. தூத்துக்குடியில் ஒரு சிவப்பு விளையாட்டுக் கார்'

(பொம்மை என்று நினைத்துவிடுவீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றே இருக்கட்டும்.)

2

பாஸ்கல் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பகலெல்லாம் டன் கணக்கில் சரக்கை ஏற்றி இறக்குகிற அவனுக்கு, தன் காரை நாலு விரற்கடை இறக்க வழி தெரியவில்லை. அதுதான் அவன் கஷ்டம்.

கார் பழையது, திறந்தது, இரண்டே பேர் உட்காரக்கூடியது. முன்பு அதை வைத்திருந்த உப்பளத்து மேனேஜர், பாத்திகளுக்கு நடுவே ஓட்டுவதற்காக நாலு சக்கரத்துக்கும் லாரிப் பட்டையை வெட்டிச் சேர்த்து உயர்த்திவிட்டார். தரையோடு பதுங்கி ஓடவேண்டிய வண்டி, சேற்றுக்குப் பயந்து சேலையைத் தூக்கிப் பிடித்தவள்போல நின்றது. அதனால்தான் பாஸ்கலுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது.

ஹில்டா கப்பல் ஏஜென்சி ஆபீஸில் டைப்பிஸ்ட். பாஸ்கல் அவளைக் காதலித்தான். (இதை நாசூக்காக உணர்த்த மூன்று பத்தி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். காதலித்தான், அவ்வளவுதான்.) ஒரு சாயங்காலம் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, "ஏறுதீங்களா?" என்று கேட்டுவிட்டான். அவள் காரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சீல கட்டிக்கிட்டு இதில ஏற ஏணிதான் வேணும். நாலு விரக்கட எறக்குங்க, ஏறுதேன்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "சீக்கிரம் எறக்குங்க. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் பெரியதாழையிலருந்து என்னப் பொண்ணு பாக்க வாராக."

அன்று செவ்வாய்க்கிழமை.

3

இனி, கையில் நூற்று நாற்பது ரூபாய் உள்ளவன் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்க உள்ள வழிகள். (இந்தப் பகுதியை இயந்திர விஷயம் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன். தாண்டாதீர்கள். காதல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.)

மதராசிலிருந்து அளவான புதுப் பட்டைகள் வரவழைக்கலாம். அறுநூறு ரூபாய், ஆறு வாரம். ஞாயிற்றுக்கிழமை ஆறு வாரம் காத்திருக்காது.

புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருந்த சொரிமுத்து இருக்கிற பட்டைகளையே காய்ச்சித் தணிக்கலாம் என்றார். அவரே அதைக் கெடுக்கவும் செய்தார். "காச்சுனா எறங்கும், தம்பி. பெறவு எறங்கிக்கிட்டேதான் இருக்கும். ஒருநா தரையில உக்காந்துரும்."

"அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக்கட்ட வச்சா, அண்ணாச்சி?"

"ஒம் வண்டியில அது பின்னாலதான் செல்லும். முன்னால ஒசந்து பின்னால தாந்து, நாய் உக்காந்தாப்புல இருக்கும். பரவால்லையா?"

பரவாயில்லை என்று விட முடியாது.

தோணியில் கொழும்புக்குப் போய்வரும் அவன் கூட்டாளி செபாஸ்டின் சொன்ன வழிக்குச் செலவே கிடையாது. "ஏலே, தோணிய எப்படி எறக்குதோம்? பாரம் ஏத்தித்தானே?" இருவரும் நாலு மூட்டை உப்பை ஏற்றினார்கள். கார் அளந்தாற்போல் நாலு விரற்கடை இறங்கியது. செபாஸ்டின் கைதட்டினான். பாஸ்கல் காரைச் சுற்றி வந்து, "ஹில்டா எங்கலே உக்காருவா?" என்று கேட்டான். அவள் இடத்தில் இரண்டு மூட்டை உப்பு உட்கார்ந்திருந்தது.

கடைசியாக மிஞ்சியது, முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது. மேனேஜர் சேர்த்த லாரிப் பட்டைகளைக் கழற்றி எறிவது. சொரிமுத்துவுக்குக் கூலி நாற்பது ரூபாய். ஆனால் அவர் உடம்பு அந்தக் காருக்கு அடியில் நுழையாது. பாஸ்கல்தான் நுழைய வேண்டும்.

4

இப்போது கடலுக்கு வேலை வந்துவிட்டது.

பாஸ்கலின் அப்பா முத்துக் குளித்தவர். கடைசியாக முத்துச் சலாபம் நடந்த அறுபத்தொன்றிலும் இறங்கியவர். குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு அடிக்குப் போகும்போது மேலே அவன் கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாக இருக்கவேண்டும் என்பது முறை. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தங்கச்சி தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. அவன் கீழேயிருந்து இரண்டு தரம் இழுத்தால் தூக்கிவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

(மணமாகாதவனுக்கு யார் பிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். அக்காள் புருஷன் பிடிப்பார். அந்தத் தொல்லை வேண்டாமென்று பாஸ்கலுக்கு அக்காள் தங்கை இல்லை என இப்போதே எழுதிவிடுகிறேன்.)

"கயிறு யாரு கையிலன்னு தெரியாம எதுக்கு அடியிலயும் போகாத," என்று அப்பா சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பட்டறையில் ஜாக்கி எண்ணெய் கக்கிவிட்டது. சொரிமுத்து உத்திரத்தில் மூன்று உருளைக் கப்பியை மாட்டி, காரின் மூக்கைக் கயிற்றால் தூக்கி, கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டு அடியில் நுழைந்தான். பட்டையை அச்சோடு கட்டியிருந்த யூ போல்ட் ஒரு பக்கம் கழன்றது. மறுபக்கம் ஸ்பானரை மாட்டும்போது உலையில் இரும்பு தீய்கிற வாடை வந்தது.

"அடப்பாவி, ஏர்க்கொழு போச்சே! யாரு அங்கன? இதக் கொஞ்சம் பிடிங்க!"

உப்பு லாரியின் பட்டை உடைந்து அப்போதுதான் வந்து நின்ற ஒருவர் கயிற்றை வாங்கினார். பாஸ்கலுக்குக் கீழேயிருந்து செருப்புதான் தெரிந்தது. அந்தச் செருப்பை அவனுக்குத் தெரியும். ஹில்டா வீட்டு வாசலில் பார்த்திருக்கிறான். அவள் அண்ணன் ரோச். தகப்பன் இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். பாஸ்கலைப் பற்றி அவன் சொன்னதும் ஊரறிந்தது: 'ரெண்டு சீட்டுக் காரு வாங்குனவன் மாமியார எங்க உக்கார வைப்பான்?'

5

"யாருலே கீழ?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"பாஸ்கல்."

கயிறு முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது.

"எங் கையில ஏன் கயித்தக் குடுத்த?"

"நான் குடுக்கல. சொரிமுத்து அண்ணாச்சிதான்…"

"அவரு ஆத்தங்கரைக்காரரு, அவருக்குக் கடக்கர முறை ஒண்ணும் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வெளிய வரல."

வரவில்லை. உருண்டு வெளியே வர அவனுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. வாயெல்லாம் கிரீஸ் வாடை, ஆனாலும் அவன் அசையவில்லை. ஆறு மாதமாகக் கேட்க முடியாமல் இருந்ததை, படுத்த இடத்திலேயே கேட்டாகிவிட்டது.

"எங்கம்மா எங்கலே உக்காருவா?"

"ஹில்டா பக்கத்துல. நான் சைக்கிள்ல வாரேன்."

"அப்ப காரு யாரு ஓட்டுவா?"

"ஹில்டா ஓட்டட்டும். படிச்சிக்கிடுவா."

ரோச் சிரித்தானா, காறித் துப்பினானா என்று கீழேயிருந்து தெரியவில்லை. மேலேயிருந்து எழுதுகிற எனக்கும் தெரியவில்லை.

6

முடிவுகள்.

ரோச் கயிற்றைத் தூணில் முடிச்சிட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை பெரியதாழைக்காரர்கள் வருகிறார்கள். தாழ்ந்த கார் ஆபீஸ் வாசலில் தனியாக நிற்கிறது. (எழுதினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.)

இன்னொன்றில், ரோச் சம்மதிக்கிறான், ஹில்டா ஏணி இல்லாமல் ஏறுகிறாள், ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தாழ்ந்த கார் தண்டவாளத்தில் வயிறு தட்டி நின்றுவிடுகிறது, இறங்கித் தள்ளுவது ரோச். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மூன்றாவது முடிவில் சொரிமுத்து உலையிலிருந்து திரும்பி வந்து

(நிறுத்துகிறேன். நான் உட்கார்ந்து முடிவு தேடுகிற இவ்வளவு நேரமும் ரோச் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கயிறு தூணில் வழுக்க ஆரம்பித்துவிட்டது. கார் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது, வேண்டாத விதமாக. அடியில் ஒருவன் கிடக்கிறான்.)

யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குக் கை ஒழியவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே வேறு யாரும் இல்லை. கொஞ்சம் பிடிங்க.

பிடித்துவிட்டீர்களா? இறுக்கமாகவா?

இப்போது கயிறு அசையும். ஒரு தரம். இன்னொரு தரம். தூக்குங்கள், கேள்வி கேட்கக் கூடாது.

நல்லது. அவன் வெளியே வந்துவிட்டான், கையில் லாரிப் பட்டையோடு. முறை உங்களுக்குத் தெரியும், கயிறு பிடிப்பவர் மச்சான் என்று நான்காம் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாமென்று பெரியதாழைக்கு இனி நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.