பலகையின் நடுக்கோடு

அக்காவும் மாமாவும் காலையில் ஒரே பைக்கில் வருவார்கள். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் ஜென்ம விரோதிகள். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அந்தக் கூடத்தில் சலவைப் பக்கத்துக்கு மாமா தலை, இஸ்திரிப் பக்கத்துக்கு அக்கா தலை. இருவருக்கும் மேலே சூப்பர்வைசராக வந்து மூன்று வாரமாக முழித்துக்கொண்டிருந்தாள் தங்கை.

"எல்லாம் ஈரம்!" என்று அக்கா விரிப்பு வண்டியைத் திருப்பி அனுப்புவாள். "முழுசாக் காய்ஞ்சா சுருக்கம் போகாதுன்னு உங்கக்காகிட்ட சொல்லும்மா" என்பார் மாமா. பத்தடி தள்ளி நிற்கும் பெண்டாட்டிக்கு மச்சினி வழியாகத் தூது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வீட்டில் வைத்துப் பேசித் தொலைக்கக் கூடாதா என்று ஒருநாள் தங்கை கேட்டாள். "வீட்டுல எதுக்கு வேலைப் பேச்சு?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அதில் மட்டும் என்ன ஒற்றுமை!

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை லோடு தாமதமானால் அவள் பழையபடி துணி மடிக்கும் மேஜைக்குத்தான். பயிற்சி வகுப்பில் பொது இலக்கு என்று என்னமோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பலகையில் எழுதினாள்: 'நாலு மணிக்குள் முந்நூறு விரிப்பு. எல்லோருக்கும் ஒரே இலக்கு.' அதோடு விட்டாளா? நடுவில் கோடு கிழித்து, சலவைக்கு ஒரு பத்தி, இஸ்திரிக்கு ஒரு பத்தி என்று எண்ணிக்கை போட இடமும் விட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தன் பத்தியில் எண்ணிக்கை ஏற வேண்டுமென்று மாமா பக்கம் ஈரம் சொட்டச் சொட்டத் தள்ளியது. அக்கா பக்கம் அத்தனையையும் திருப்பியது. மதியத்துக்குள் சலவையில் இருநூறு, இஸ்திரியில் இருபது. இலக்கு ஒன்றுதானே, அப்புறம் ஏன் இப்படி? அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

ஆத்திரத்தில் தானே ஒரு மெஷினை நிரப்பினாள். ஆபரேஷன் அறையின் புது நீல அங்கி ஒன்று உள்ளே போனதைக் கவனிக்கவில்லை. கதவைத் திறந்தால் அறுபது விரிப்பும் வெளிர் நீலம். மணி ஒன்றரை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் மேஜைக்கே போயிடறேன்" என்றாள்.

அக்கா கத்தினாள், தங்கையைப் பார்த்து அல்ல, நேராகப் புருஷனைப் பார்த்து.

"டிரையர்ல போட்டுடாதீங்க! சூடு பட்டா நீலம் பிடிச்சுக்கும்."

"தெரியும். பிளீச்சுல ரெண்டு தடவை அலசணும். அப்புறம் காய வைக்க நேரமில்லையே?"

"ஈரமாவே குடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஈரமாவே! தங்கை தன் காதையே நம்பவில்லை. அக்கா திருப்பிய விரிப்பெல்லாம் டிரையருக்குப் போயின. அலசி வந்ததைச் சலவைக்காரர்கள் ஒரு முனையிலும் இஸ்திரிக்காரர்கள் மறு முனையிலும் இழுத்துப் பிடித்து, சூடான இஸ்திரி உருளைக்குள் மெல்ல மெல்ல விட்டார்கள். பலகைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் வேன் கிளம்பியது. முந்நூறும் வெள்ளை.

"ஏன்க்கா, இன்னிக்கு மட்டும் சேர்ந்தீங்க?" என்று கேட்டாள் தங்கை.

"உன் வேலை போயிடுமேடி!"

"நான் அழகாத் திட்டம் போட்டப்போ கேக்கல. தப்பு பண்ணினாத்தான் சேருவீங்களா? அப்போ வாரத்துக்கு ஒரு அங்கி போடட்டுமா?"

மாமா சிரித்தார். அவளுக்குச் சந்தோஷமா அவமானமா என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை பலகையில் நடுக்கோட்டைக் காணோம். யார் அழித்தது என்று கேட்டால் மாமா அக்காவைக் காட்டினார், அக்கா மாமாவைக் காட்டினாள். பத்து மணிக்கு "ஈரம்!" என்று அக்காவின் குரல் கிளம்பியது. தூது போகத் தங்கை எழுந்தாள். அதற்குள் அக்கா விரிப்பும் கையுமாக அவளைத் தாண்டி மாமாவிடம் போய்க்கொண்டிருந்தாள். எழுந்தவள், இனி உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.