இரண்டு வயதுக் கவுன்

தையல்காரி தன் மகளுக்கென்று ஆசை ஆசையாகத் தைத்த கவுன் கணுக்காலைத் தொட்டது. இரண்டு வயது அளவு. பிள்ளைக்கும் இரண்டு முடிந்துவிட்டது. வெட்டியதில்தான் கோளாறு என்று மறுநாள் தான் தைக்கும் கம்பெனியில், துணி வெட்டித் தந்த கட்டிங் மாஸ்டரிடம் சண்டைக்குப் போனாள். அவர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தாம்மா இருக்கு. பிள்ளையை யார்கிட்டயாவது காட்டு," என்றார்.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகள் கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருப்பாள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'பூசணி'.

தையல்காரிக்கு அப்போது அடுத்த பிள்ளை வயிற்றில் நான்கு மாதம். செக்கப்புக்குப் போனபோது பூசணியையும் தூக்கிப் போனாள். நர்ஸ் குழந்தையைப் பலகையில் குதிகால் ஒட்ட நிறுத்தி, இரண்டு தடவை அளந்தாள்.

"எடை பரவாயில்ல. உயரம்தான் வயசுக்குக் கம்மி. இவ வயித்துல இருந்தப்போ நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

பிள்ளையைக் காட்ட வந்தால் தன்னைக் கேட்கிறாளே என்று அவள் விழித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் குட்டைங்க. அதான்."

"அதுவும் இருக்கலாம். நீங்க சாப்பிட்டதைச் சொல்லுங்க."

"காலையில டீயும் பன்னும். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருக்கிறது. பிள்ளை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்னு நாத்தனார்தான் குறைச்சுக்கச் சொன்னாங்க."

நாத்தனார் கெட்டவள் இல்லை. பிரசவத்தின்போது கையை விடாமல் பிடித்திருந்தவள். அவளைப் போய் என்ன சொல்வது?

"அப்போ என் தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? உங்க தட்டுல யாராவது சோறு போட்டாங்களான்னுதான் கேக்குறேன். வயித்துல இருக்கும்போதே வளர்த்தி ஆரம்பிச்சிடுது."

"இவ இனி வளர மாட்டாளா?"

"வளருவா. முட்டை, பருப்பு, கீரைன்னு விடாம குடுங்க. ஆனா விட்டதெல்லாம் பிடிச்சிடுவாளான்னு என்னால சொல்ல முடியாது. உள்ள இருக்கிறதுக்கு நேரம் இருக்கு. முதல்ல நீங்க சாப்பிடுங்க."

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு கேட்டவன், "நீ சாப்டியான்னு நான் ஒரு நாளும் கேக்கலையே," என்றான். எழுந்துபோய் அவளுக்கு முதலில் தட்டு வைத்தான். சோறு, பருப்பு, இரண்டு முட்டை.

"இவ்வளவா? குழந்தை பெருத்துடும்டா," என்று பயந்தாள் நாத்தனார். நர்ஸ் சொன்னதைக் கேட்டதும் முகம் வாடியது. "எனக்கும் அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க," என்றவள், தானே இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

யார்மேல் கோபப்படுவதென்று தையல்காரிக்குத் தெரியவில்லை. பசித்துச் சாப்பிடுகிறோமா, பயந்து சாப்பிடுகிறோமா என்பதும் விளங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள்.