ஹேமலதாவின் முதுகு

"என் முதுகுல இவ்ளோ பெரிய கூன் எங்க இருக்கு ஆன்ட்டி? காட்டுங்க பாக்கலாம்" என்றாள் ஹேமலதா, மூன்றாவது முறையாக.

ஹேமலதா எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில் ஒரு கல்லுக்கடியில் வசிக்கிறாள். ஒருநாள் பூச்சியின் புழு. சீரகம் அளவுதான் இருப்பாள். ஆறு கால், மூன்று வால், வாய் மட்டும் வண்டிச்சத்தம். சாப்பாட்டு மேஜையில் எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, அவளைப் போலவே நான் நூலில் கட்டிக் கொடுத்த பதிலியை முன்னங்காலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

எங்கள் ஓடையில் யாரும் கட்டாயமாகச் சாக வேண்டியதில்லை. அங்கே இருக்கும் பெரிய டிரவுட் மீனை எல்லோரும் துரை என்பார்கள். அவருடைய முன்னோர்கள் சீமையிலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்து மலையேறியவர்கள். துரை வியாழக்கிழமை பத்து மணிக்கு ஏழு பேரைச் சாப்பிடுவார். திங்கட்கிழமையே தவளை பட்டியலைக் கொண்டுவந்துவிடும். பெயர் வந்தவர் தானே போகலாம், இல்லையென்றால் தன்னைப் போலவே ஒரு பதிலியை அனுப்பலாம். பார்த்ததும் துரைக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நியாயமான மீன்.

பதிலி கட்டுவது நான். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் ஆறு வருடம் என் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டி எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தது இதற்குத்தான் என்று அப்போது தெரியவில்லை. பதினாறாம் நம்பர் தூண்டில் கொக்கியை மேஜை விளிம்பில் இருக்கும் கவ்வியில் மாட்ட வேண்டும். கொக்கி முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். துரைக்கு வாயில் புண் வந்தால் வியாழக்கிழமை தள்ளிப்போகும், எல்லோருக்கும் சிரமம். பிறகு கறுப்பு நூல் சுற்றி, முயல் முடியால் உடம்பு செய்து, பழைய மிக்ஸி மோட்டாரில் உரித்த செம்புக் கம்பியை வயிற்றுக்கு வரிவரியாக ஓட்டி, கோழி இறகில் மூன்று இழையை வாலாக வைத்தால் ஆள் வந்துவிடும்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. வருகிற பெண்கள்தான் கஷ்டம். ஒருத்திக்கு இடுப்பு சின்னதாக வேண்டும், இன்னொருத்திக்குக் கால் நீளமாக வேண்டும். போன மாதம் ஒரு தட்டான் புழு தன் தாடையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். ப்ளவுஸ் தைக்கிறவர்களை நான் ஒரு காலத்தில் எவ்வளவு படுத்தியிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. வருத்தப்படத்தான் நேரமில்லை.

கூன் இருக்கிறது, அதனால்தான் வைத்திருக்கிறேன் என்றேன். தன் அம்மாவுக்கு முதுகு நேராக இருந்ததாம், அதனால் தனக்கும் நேர்தானாம். "உங்கம்மா உன்னை முட்டையாப் போட்ட அன்னிக்கு சாயந்திரமே போயாச்சு. நீ எப்ப பாத்தே?" என்று கேட்டேன். கல்லுக்குக் கல் பேசிக்கொண்டார்களாம். அதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. விவாதம் பண்ணிக்கொண்டிருந்தால் பருப்பு குழைந்துவிடும். கூனைப் பிரித்துப் போட்டேன். முதுகைத் தட்டையாக்கி, என் கல்யாணப் புடவை ஜரிகையில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன். "இதுதான் நான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு தவளை திரும்பி வந்தது. வாசல் மிதியடியில் நான்கு காலையும் துடைத்துக்கொண்டு, பதிலியையும் ஒரு சீட்டையும் நீட்டியது. கூடவே ஹேமலதாவும் ஒரு இலையில் தண்ணீரோடு வந்திருந்தாள். சீட்டில் இப்படி இருந்தது: "அனுப்பப்பட்டவரை நான் அறியேன். பத்து மணிக்கு ஹேமலதா நேரில் வரவும். யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி."

ஹேமலதா இலையின் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

"நாளைக்குத்தான் ஆன்ட்டி எனக்கு றெக்கை வருது" என்றாள். "வருஷம் பூரா தண்ணிக்கடியிலயே கிடந்தாச்சு. ஒரே ஒரு நாள் மேல பறந்துட்டுப் போறேனே."

அவளைக் கிண்ணத்தில் விட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி முனையால் திருப்பிப் பார்த்தேன். கூன் இரண்டு நாளில் இன்னும் கறுத்திருந்தது, மினுமினுவென்று. உள்ளே, டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்த பட்டுப் புடவை மாதிரி, நான்காக மடித்து வைத்திருந்தது சிறகு. துரைக்கு அவளைத் தெரிவதே அந்தக் கறுப்பால்தான்.

"இது கூன் இல்லை. உன் றெக்கை."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். இந்த நிலைமையிலும் தப்பு என்னுடையதுதான்.

மினுங்கும் கறுப்பு வேண்டும். காக்கை இறகு வெளிறித் தெரிந்தது. என் தலையில் இருப்பதைக் கறுப்பு என்று சொன்னால் சிஸ்டர் பெர்னதெத் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார். என் கணவர் சம்பத் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் மீசைக்கு டை அடித்திருந்தார். பேப்பருக்கு மேலாகக் கையை விட்டு, எம்பிராய்டரி கத்தரியால் இடது பக்க மீசையை வெட்டி எடுத்தேன். "காபி ஆச்சா?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன்.

பத்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது கட்டி முடித்தேன். மீசையை மடித்து முதுகில் வைத்து, நூலால் இறுக்கி, ஒரு சொட்டு நெயில் பாலிஷ். தவளை வாங்கிக்கொண்டு தாவியது. ஹேமலதா கிண்ணத்துக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கினேன். அன்றைக்கு ஒரு காய்கூட ஒரே அளவில் விழவில்லை.

பத்தேகாலுக்குப் பதில் வந்தது: "ஹேமலதா பிரமாதம்." அதைத் தனக்கு இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள்.

மறுநாள் காலை அடுப்பங்கரை ஜன்னலில் ஏறி, தோலை உரித்துப் போட்டுவிட்டுச் சிறகை விரித்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. கொஞ்சம் அகலமாகத் தெரிகிறதோ என்று கேட்டாள். இருப்பதே ஒரு நாள், அதையும் இங்கேயே நின்று தீர்க்காதே என்று துரத்தினேன். தேயிலைச் சரிவுக்கு மேலே ஏறிப் போனாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்தது. நனைந்திருந்ததால் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துப் படித்தேன். ஆறு பேர் ஓடைக்காரர்கள். ஏழாவது: "திரு. சம்பத், மேட்டு வீடு. போன வாரக் கறுப்பின் உரிமையாளர். ருசி புதிது." சம்பத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வியாழக்கிழமை தனக்குப் பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, மாற்ற முடியாது என்றார். அப்படியானால் பதிலிதான்.

ஊஞ்சல் கொக்கியைக் கழற்றி எதிர்முள் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். மிச்ச மீசை இருக்கிறது. உடம்புக்கு அவருடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்து வைத்திருக்கிறேன். செம்புக் கம்பியை எத்தனை வரி ஓட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அவரோ பேப்பரை மார்பு வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து நான்கு முறை சொல்லியாகிவிட்டது, இது ஐந்தாவது:

"என்னங்க, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கீழ வைங்க. வயித்தைப் பாக்கணும்."