தலைவரின் போன் போன இடம்

தில்லைநாதனின் போன் தொலைந்தது ஒரு சனிக்கிழமை. தொலைந்தது என்று ஒருவரும் சொல்லக்கூடாது, களவு போனது என்றுதான் சொல்லவேண்டும் என்று அன்று பின்னேரமே அவர் வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். பொருளைத் தொலைப்பது கவனமில்லாதவர்களின் வேலை. அவரோ கிளிநொச்சிக்கு உட்பக்கமாக இருக்கும் எட்டாம் வாய்க்கால் கிராமத்தின் அபிவிருத்திச் சங்கத் தலைவர். பதினொரு வருடமாகத் தலைவர். அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு பொருள் போவதென்றால் யாராவது வந்து எடுத்துத்தான் போயிருக்கவேண்டும்.

அன்றைக்குக் காலையில் பொதுநோக்கு மண்டபத்தில் தையல் மெஷின் கொடுக்கும் விழா நடந்தது. கணவன் இல்லாமல் குடும்பம் நடத்தும் பெண்களுக்கென்று ரொறன்ரோவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு மெஷின்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் கொடுக்கும்போது தில்லைநாதன் தன் போனை யாரிடமாவது தந்து படம் எடுப்பித்தார். வாங்குகிறவள் கமராவைப் பார்க்காவிட்டால் பெட்டியைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார். ஒரு பெண் ஒரே மெஷினை நாலு தரம் வாங்கினாள். நாலாம் தரம் அவள் சிரித்தேவிட்டாள். அந்தப் படம்தான் நன்றாக வந்தது.

பத்துப் பேருக்குக் கொடுத்து முடிந்ததும் தில்லைநாதன் மைக்கைப் பிடித்தார். மிச்ச இரண்டு மெஷினும் பழுதாக வந்திருப்பதால் கொம்பனிக்குத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். பட்டியலில் பதினோராவதாக இருந்த ஞானேஸ்வரி வெறுங்கையோடு எழும்பிப் போனாள். அந்த இரண்டு பெட்டியும் மத்தியானமே ஓட்டோவில் ஏறிப் பளைக்குப் போயின. பளையில் தில்லைநாதனின் தங்கை பத்மாசனி தையல் கடை வைத்திருந்தார். இதைத் தில்லைநாதன் ஒருபோதும் களவு என்று நினைத்ததில்லை. இத்தனை வருடம் ஊருக்காக ஓடியவனுக்கு ஊர் தானாக ஒன்றும் செய்யவில்லை. ஊருக்குக் கரைச்சல் கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பின்னேரம் படங்களை ரொறன்ரோவுக்கு அனுப்பலாம் என்று சட்டைப் பையைத் தடவியபோது போன் இல்லை. மனைவியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். ரிங் போனது, ஒருவரும் எடுக்கவில்லை. விழாவுக்காகச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மாயாண்டிதான்," என்றார்.

லொறியிலிருந்து பெட்டிகளை இறக்கியவர் மாயாண்டி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடும்பம் அடிபட்டு, மலையகத்தில் இருந்து கைக்குழந்தையாக வன்னிக்குத் தூக்கி வரப்பட்டவர். ஞானேஸ்வரி அவருடைய தங்கை. மேடையேறினால் தில்லைநாதன் இவர்களை "எங்கட மலையக உறவுகள்" என்று குரல் தழதழக்கச் சொல்லுவார். வீட்டுக் குசினிக்குள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்.

"அவன் மேடைப் பக்கமே வரேல்லையே," என்றார் மனைவி.

"வராதவன்தான் எடுப்பான். வந்தவன் எடுத்தால் தெரிஞ்சிடுமெல்லே."

மனைவி தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். சந்தேகத்துக்குரியவர் என்ற இடத்தில் மாயாண்டியின் பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்துச் சொன்னார். பொலிஸ் ஆளனுப்ப, ஒரு மணித்தியாலத்தில் மாயாண்டி வந்துவிட்டார். கூடவே அவருடைய மகள் கஜேந்தினியும் வந்தாள். கிளிநொச்சி ரவுணில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிற பெண்.

விசாரித்த சார்ஜன் காலிப் பக்கத்துச் சிங்களவர். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர் என்பதால் அந்த அறையில் இருந்த எல்லோரையும்விடச் சுத்தமான தமிழ் பேசினார்.

"நீங்கள் கைத்தொலைபேசியை எடுத்தீர்களா?"

"நான் எடுக்கலீங்க ஐயா," என்றார் மாயாண்டி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "பெட்டிய எறக்கினேன். தண்ணி குடிச்சேன். வயலுக்குப் போயிட்டேன்."

"கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லுவினமே?" என்றார் தில்லைநாதன். "ரெண்டு அதட்டுப் போடுங்கோ சேர்."

கஜேந்தினி அவரைப் பார்க்காமல் சார்ஜனைப் பார்த்தாள். "சேர், அந்தப் போன் எங்க நிக்குது எண்டு இப்பவே பாக்கலாம். தலைவர் தன்ர ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் தந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்."

தில்லைநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது. தகப்பனின் குழியை மகளே தோண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஈமெயிலைச் சொன்னார். பாஸ்வேர்டுக்கு வந்தபோது மட்டும் குரல் தணிந்தது.

"தலைவர். பிறகு ஒண்டு."

"இங்கிலீசிலயா?"

"ஓம். முதல் எழுத்துப் பெரிசு."

"நினைச்சனான்," என்றாள் கஜேந்தினி.

அவளுடைய போனில் வரைபடம் விரிந்தது. ஒரு சின்ன வட்டம் கொஞ்ச நேரம் அலைந்து, ஏ-நைன் வீதியோடு வடக்கே போய், ஓரிடத்தில் நின்றது.

"பளை," என்றாள். "சந்தி தாண்டி ரெண்டாவது ஒழுங்கை. இன்னும் பதினாலு வீதம் சார்ஜ் இருக்குது. அப்பா, உங்களுக்குப் பளையில ஆரும் இருக்கினமா?"

"நான் பளையப் பஸ்ஸுலதாம்மா பாத்திருக்கேன்."

ஒழுங்கையைத் தில்லைநாதனுக்குத் தெரியும். அந்த ஒழுங்கையில் ஒரேயொரு மாமரம், அதன் கீழ் நீலக் கேற், கேற்றில் 'பத்மா தையலகம்' என்ற பலகை. பெட்டிகளை ஒருவரும் காணக்கூடாதென்று தானே ஓட்டோவுக்குள் குனிந்து தள்ளியதும் ஞாபகத்துக்கு வந்தது. மெஷின் நல்லதுதானா என்று பார்க்க மூடியைத் திறந்து விட்டிருந்த பெட்டி. சட்டைப் பை. குனிந்த குனிவு.

"சேர்," என்றார், "விடுவம். ஒரு போன்தானே. எடுத்தவன் பாவம், என்ன கஷ்டமோ."

சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார். "இரண்டு அதட்டுப் போடச் சொன்னீர்களே?"

"அது அப்ப ஒரு கோவத்தில சொன்னது. நான் மன்னிச்சிட்டன்."

"யாரை?"

தில்லைநாதன் கொஞ்சம் யோசித்தார். "பொதுவாய்," என்றார்.

"முறைப்பாடு பதிவாகிவிட்டது. ஜீப்பில் ஏறுங்கள்."

மாயாண்டியும் மகளும் பின்னால் ஏறினார்கள். வழி முழுக்கத் தில்லைநாதன் வரைபடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இந்த மெஷினுகளை நம்ப ஏலாது, செற்றலைற் பிழையாய்க் காட்டும், வன்னிக் காட்டுக்குள் திசை மாறும் என்றார். ஆனையிறவு தாண்டியதும் உப்புக்காற்று அடித்தது. அதற்குப் பிறகு அவருடைய வாய் தானாகவே மூடிக்கொண்டது.

நீலக் கேற்றடியில் ஜீப் நின்றபோது பத்மாசனி ஒரு சாரிச் சட்டையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். பொலிசைக் கண்டதும் சட்டை கீழே விழுந்தது. பிறகு தமையனைக் கண்டார்.

"அண்ணை, ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப நீங்களே பொலிசைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்!"

"உள்ளை போ," என்றார் தில்லைநாதன். அது அவர் அன்று சொன்ன ஒரேயொரு நேர்மையான வார்த்தை.

கஜேந்தினி தன் போனில் எதையோ அழுத்தினாள். "சத்தம் நிப்பாட்டியிருந்தாலும் இது அடிக்கும்," என்றாள்.

கடைக்குள்ளிருந்து கூவல் எழும்பியது. துணி வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள். சார்ஜன் உள்ளே போய், மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு பெட்டிகளில் மேலே இருந்ததைத் திறந்தார். புத்தம்புது மெஷினுக்கும் அட்டைக்கும் இடையில் போன் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கத்தில் 'எட்டாம் வாய்க்கால் பெண்களுக்கு ரொறன்ரோ உறவுகளின் அன்பளிப்பு' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. அந்தத் தாளை ஒட்டுவித்தவரும் தில்லைநாதன்தான், படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று.

மாயாண்டி எழுத்துக் கூட்டி அதை வாசித்தார். பிறகு இரண்டாவது பெட்டியிலும் ஒட்டியிருந்த அதே தாளை வாசித்தார்.

திரும்பிப் பொலிசுக்கு வந்ததும் தில்லைநாதன் முறைப்பாட்டை மீளப் பெறுவதாகச் சொன்னார். அதற்கும் ஒரு வாக்குமூலம் எழுதவேண்டும் என்றார் சார்ஜன்.

"பொருள் கிடைத்தது எண்டு மட்டும் போடுங்கோ சேர். காணும்."

"ஐயா," என்றார் மாயாண்டி. அவர் குரல் உயர்ந்ததே இல்லை, இப்போதும் உயரவில்லை. "எம் பேரு, எங்கப்பா பேரு, ரெண்டையும் முழுசா எழுதியிருக்கு. எங்க கெடைச்சதுன்னும் முழுசா எழுதணுங்க. எழுதினத வாசிச்சும் காட்டணும்."

சார்ஜன் எழுதினார். பிறகு தன் சுத்தமான தமிழில், ஒரு சொல்லும் விடாமல், கதவடியில் நின்ற சனமும் கேட்க வாசித்தார். "என் உடன்பிறந்த தங்கையின் தையலகத்தில், நான் அங்கு அனுப்பிய தையல் இயந்திரப் பெட்டியினுள், எனது கைத்தொலைபேசி கண்டெடுக்கப்பட்டது." தில்லைநாதன் கையெழுத்து வைத்தார். மேடைகளில் வைக்கும் நீளமான கையெழுத்து இல்லை, சின்னதாக ஒன்று.

"அந்த ரெண்டு மெஷினும் சேர்?" என்று கேட்டாள் கஜேந்தினி.

"அவை குறித்து இதுவரை ஒருவரும் முறைப்பாடு தரவில்லை."

"அப்ப நான் தாறன்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். சார்ஜன் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"பிள்ளை, பிள்ளை," என்று பதறினார் தில்லைநாதன். "உதெல்லாம் என்னத்துக்கு? இண்டைக்கே கொண்டுவந்து இறக்கிறன். சத்தியமாய்."

மகள் தகப்பனைப் பார்த்தாள். மாயாண்டி தொப்பியைத் தலையில் போட்டார்.

"நீங்களே எறக்கணும்," என்றார். "ஆள் வைக்கக் கூடாது."

அப்படித்தான் இறக்கினார். பின்னேரம், வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்ட, மூச்சு வாங்க வாங்க, பன்னிரண்டாவது பெண்ணின் வீட்டில் ஒன்றை இறக்கிவிட்டு, மற்றப் பெட்டியை ஞானேஸ்வரியின் முற்றத்துக்குச் சுமந்து வந்தார். ஒழுங்கைச் சனம் வேலியால் எட்டிப் பார்த்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஞானேஸ்வரி பெட்டியைத் திறந்து, நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். மெஷின் வழுவழுவென்று ஓடியது.

"பழுதுன்னு சொன்னீங்களே?"

தில்லைநாதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "கொம்பனிக்காரர் உடனை திருத்தித் தந்திட்டினம்," என்றார். "நான்தான் நெருக்கினனான்."

ஞானேஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெஷினை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். ஒரு தேத்தண்ணி வருமென்று அவர் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றார். வரவில்லை.